கூடை எறக்காத வீடு

என் சம்மந்தி லீமாரோஸுக்குக் கோவம் வந்தா அது காய்ச்சல் மாதிரி ரெண்டு நாள்ல எறங்குற கோவம் இல்ல. உப்புல போட்ட மீன் மாதிரி. நாளாக நாளாகத்தான் எறுகும்.

தங்கச்சிமடத்துல அவுகளத் தெரியாத ஆளு கெடையாது. கருவாட்டு லீமாரோஸுன்னா பஸ் கண்டக்டரே வீட்டைக் காட்டிருவாரு. அவுக மகனுக்குத்தான் என் மக பிரெசில்லாவக் கட்டிக் குடுத்திருக்கேன். இப்ப எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பேத்தி பொறந்திருக்கா. அழுதான்னா கடல்ல நிக்கிற போட்டுக்குக் கேக்கும். "இது இந்த பிரடெரிக் வீட்டுக் குரலு"ன்னு நான் என் நெஞ்சத் தொட்டுச் சொல்லுவேன். "அய்யே, அது தெருவுல கருவாடு கூவுற குரலுண்ணே, எங்க வீட்டுக் குரலு"ன்னு சம்மந்தி சண்டைக்கு வருவாக.

கோயில் திருவிழா மலருக்கு ஊர்ல ஒருத்தரப் பத்தி எழுதிக் குடுங்கன்னு கேட்டாக. பேத்தியப் பத்தி எழுதுறேன்னேன். அவ இன்னும் ஒண்ணும் சாதிக்கலையேன்னு சிரிச்சுட்டாக. சரி, சாதிச்சவுகளப் பத்தியே எழுதுறேன்.

சம்மந்தி பொறந்தது பாம்பன். கல்யாணம் கட்டி இங்கன வந்தாக. புருசன் நல்ல மனுசன், ஆனா நெஞ்சு சீக்குல சீக்கிரமே போயிட்டாரு. பொறவு கூடைதான் அவுக புருசன், கூடைதான் அவுக நெலம். விடிய முன்னாடி வள்ளம் கரைக்கு வர்ற எடத்துல போயி நெத்திலி, சாளை, வாளைன்னு எடுத்து, கீறி, உப்புப் போட்டு, பழைய வலைய விரிச்சு அதுமேல காயப் போடுவாக. வெறும் மணல்ல போட மாட்டாக. "திங்கிறவன் பல்லுல மணல் பட்டா என்னையத்தான் வைவான்"ம்பாக. மழை வந்தா சோத்துத் தட்டைப் போட்டுட்டு ஓடுவாக. அப்படிக் காய வச்ச கருவாட்டைத் தூக்கிக்கிட்டு ராமநாதபுரம் போயி தெருத் தெருவா வித்து, மகனப் படிக்க வச்சு, போட்டுல பங்கு வாங்கிக் குடுத்து, என் மகளையும் கொண்டு போனாக.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. நான் சொல்ல வந்தது செல்லச்சாமி கதை.

அப்ப சம்மந்திக்குச் சின்ன வயசு. என் மாப்பிள்ளை அவுக வயித்துல. நெறமாசத்துக்குக் கொஞ்சம் முந்தி. அந்த வயித்தோட கூடையத் தூக்கிக்கிட்டு ராமநாதபுரத்துக்கு ரயிலேறிப் போயி, வித்து முடிச்சு, காலு ரெண்டும் வீங்கிப் போயி ஒரு சினிமாக் கொட்டகை வாசல்ல நின்னுருக்காக. உள்ள ஃபேன் ஓடும், மெத்தை சீட்டு இருக்கும், படம் முடியிற வரைக்கும் யாரும் எந்திரின்னு சொல்ல மாட்டாக. இதுதான் அவுக கணக்கு. என்ன படம்னு கூடப் பாக்கல. பால்கனி டிக்கெட்டு வாங்கி, கூடைய சைக்கிள் ஸ்டாண்டுல வச்சுட்டு, மேல போயி உக்காந்துட்டாக.

கொட்டகைக்காரருதான் செல்லச்சாமி. மேற்க ஒரு கிராமத்துல நெலம் நீச்சு உள்ள குடும்பம், குடியிருக்கிறது ராமநாதபுரத்துல. படம் ஓடிக்கிட்டு இருக்கு, டார்ச் லைட்டோட வந்து சம்மந்தி மூஞ்சியில அடிச்சிருக்காரு.

"ஏ கருவாடு, எந்திரி. கீழ தரைக்குப் போ."

"டிக்கெட்டு வாங்கியிருக்கேன்ல."

"வாங்கினா? பக்கத்துல மனுசன் உக்கார வேணாமா? நாத்தம் கொடலப் பெரட்டுது."

சம்மந்தி எந்திரிக்கல. உடனே படத்த நிப்பாட்டச் சொல்லி லைட்டைப் போடச் சொல்லிட்டாரு. அம்புட்டு சனமும் திரும்பிப் பாத்துச் சிரிக்குது. வயித்தப் பிடிச்சுக்கிட்டு அவுக எந்திரிச்சாக. அவுக படியில எறங்கு முன்னாடியே, அவுக உக்காந்த சீட்டுல ஃபினாயில ஊத்தித் தொடைக்கச் சொல்லியிருக்காரு. அந்த வாடை இன்னைக்கும் சம்மந்திக்கு ஆகாது. ஆஸ்பத்திரியில பேத்தி பொறந்த அன்னைக்குக் கூட, தரைய ஃபினாயில் போட்டுத் தொடச்சாகன்னு வெளிய மரத்தடியில போயி நின்னுக்கிட்டாக.

கொட்டகை வாசல்ல திரும்பி நின்னு அன்னைக்கே சொல்லிட்டு வந்தாக. "ஒன்னைய இதே கொட்டகையில எந்திரிக்க வைக்காம நான் சாக மாட்டேன்."

செல்லச்சாமி சிரிச்சாராம்.

எங்க கருவாட்டுப் பொம்பளைக கிட்ட ஒரு கட்டு இருக்கு. ஒருத்தி ஒரு ஆளுகிட்ட அவமானப்பட்டு வந்து, "அவுக வீட்டுல கூடைய எறக்காதீக"ன்னு சொல்லிட்டா, பொறவு எவளும் அந்த வாசல்ல கூடைய எறக்க மாட்டா. ஏன்னு கேக்க மாட்டா. அந்த வீட்டுக்காரகளுக்கும் காரணத்தச் சொல்ல மாட்டா. பண்ணினவுகளுக்குத் தெரியாதா என்ன பண்ணினோம்னு? பொதுவா வீட்டுக்காரி வெத்தலை பாக்கோட வந்து, "ஏதோ தெரியாம நடந்து போச்சு, மனசுல வச்சுக்கிடாதீக"ன்னா கட்டு விட்டுப் போயிரும்.

செல்லச்சாமி வீட்டுல இருந்து யாரும் வரல. அதுனால கட்டும் விடல. அன்னைக்கு வயித்துல இருந்த மாப்பிள்ளைக்கு மீசை மொளச்சு, கல்யாணமும் ஆயிருச்சு. கட்டு அப்படியே இருக்கு. கடையில வாங்கிக்கிடலாமேன்னு கேப்பீக. ராமநாதபுரத்துல கருவாட்டுக் கடை போட்டிருக்கவளுக்கும் சரக்கு நம்ம பொம்பளைகதான குடுக்கணும்? செல்லச்சாமி வீட்டு வேலைக்காரன் வந்தா, "இல்ல, தீந்து போச்சு"ம்பாளுக. கண்ணு முன்னாடி மலை மாதிரிக் குமிஞ்சு கெடக்கும். தீந்து போச்சும்பாளுக. அந்த ஆளுக்கோ வாளைக் கருவாடுன்னா உசுரு. மதுரையில இருந்து வாங்கிட்டு வருவாராம். மணலும் புழுவுமா இருக்கும். சம்மந்திக்கு அதக் கேக்குறப்ப மனசு குளுந்து போகும். ஆனாலும் அவுக நெனச்சது அது இல்லையே. அவரு எந்திரிக்கணும். அதே பால்கனியில, சனம் பாக்க.

கொட்டகையும் ஒரு நா மூடிப் போச்சு. செல்லச்சாமி அதுல முண்டு மிளகாய் மூட்டைய அடுக்கி வச்சுட்டாரு. சம்மந்திக்கு ஒரே கவலை. "கொட்டகைய இடிச்சுட்டாகன்னா நான் எங்கன போயி எந்திரிக்க வைப்பேன்"னு பூசையில கூட இந்த நெனப்புதான்.

இந்த வருசம், பேத்தி பொறந்து பெயர் கூட வைக்கல, சம்மந்தி ராமநாதபுரத்துல இருந்து வேகு வேகுன்னு வந்தாக. கையில ஒரு நோட்டீசு. பஸ் ஸ்டாண்டுல காலிதாங்கிற காலேஜ் புள்ள ஒண்ணு குடுத்துச்சாம். புதுமடத்துப் புள்ள.

"அண்ணே, படிங்க."

எழுத்துக் கூட்டிப் படிச்சேன். ஜப்பான் நாட்டுப் பழைய படம். ரொம்பப் பெரிய படமாம். ஒலகத்துல அம்புட்டு பேரும் கொண்டாடின படமாம். கருப்பு வெள்ளை. இப்பப் புதுசா சுத்தம் பண்ணி எடுத்திருக்காகளாம். காலேஜ் புள்ளைக சேந்து சனிக்கெழம மத்தியானம் பெரிய திரையில போடுதுக. எல்லாரும் வரலாம். நோட்டீசுல போட்டிருந்த படத்துல, கடக்கரையில பொம்பளைக தோள்ல கம்பு போட்டு ரெண்டு பக்கமும் வாளி தொங்க நடந்து போறாக. பின்னாடி ஒருத்தன் தலையில கொம்பு வச்ச தொப்பியோட குதிரை மேல உக்காந்திருக்கான்.

"உப்புக் காச்சுற பொம்பளைக கதையாம் அண்ணே. அந்தப் புள்ள சொல்லுச்சு."

"சரி, அதுக்கு?"

"கீழ படிங்க."

கீழ போட்டிருந்துச்சு. எடம், அந்தக் கொட்டகை. தலைமை, திரு. செல்லச்சாமி.

நான் நிமுந்து பாத்தேன். சம்மந்தி பேத்தியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறாக. முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. பேத்தி பொறந்தன்னைக்குக் கூட அந்தச் சிரிப்ப நான் பாக்கல.

சனிக்கெழம காலையில, "நல்ல சேலை கட்டிக்கிட்டு வாங்க சம்மந்தி, நாலு பெரிய மனுசங்க வருவாக"ன்னேன்.

"எதுக்கு? அன்னைக்கு எந்த வாடையோட போனனோ அந்த வாடையோடதான் போவேன்."

தனியாவும் போகல. சந்தனம்னு ஒரு பெரியம்மா, கருவாட்டுப் பொம்பளைகளுக்கெல்லாம் மூத்தவ, வாயத் தெறந்தா மூட மாட்டா. அவளையும் சேத்து ஒரு கூட்டமே காலையில ஏவாரத்த முடிச்சுட்டு, மிச்சக் கருவாட்டுக் கூடையோட கொட்டகை வாசலுக்கு வந்துருச்சு. ஆம்பளைன்னு நான் ஒருத்தன்தான். எனக்கு எதுக்கு வம்புன்னு இருக்கலாம். ஆனா இம்புட்டு வருசம் கேட்ட கதைக்கு முடிவு பாக்காம இருக்க முடியுமா?

கீழ எல்லாம் மிளகாய் மூட்டை. உக்கார எடமில்ல. பால்கனியில மட்டுந்தான் சீட்டு. சந்தனம் படியேறுறப்பவே ஆரம்பிச்சுட்டா.

"ஏட்டி லீமா, இன்னைக்குக் கீழ போன்னு சொன்னாலும் போக முடியாதுடி. மிளகாயில்ல உக்காந்திருக்கு!"

மேல காலேஜ் புள்ளைக, வாத்தியாருக, சில குடும்பம். மிளகாய் நெடியில அம்புட்டு பேரும் தும்மிக்கிட்டு இருக்காக. நாங்க போனதும் தும்மல் நின்னு எல்லாரும் மூக்கைச் சுருக்குனாக. மொத வரிசையில நடுவுல செல்லச்சாமி. தலை நரைச்சு, வெள்ளை வேட்டி. பக்கத்துல அவரு வீட்டம்மா மாலதி. சம்மந்தி நேரா போயி அவருக்குப் பின் வரிசையில உக்காந்து, கூடையக் காலுக்குக் கீழ வச்சாக. அவரு தலைக்கும் கூடைக்கும் ஒரு முழம் இருக்காது.

செல்லச்சாமி திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டுத் திரும்பிக்கிட்டாரு.

பொன்னாடை போத்துனாக. மைக்கை வாங்கி அவரு பேசுன பேச்சு இருக்கே! "எங்க கொட்டகையில ஏழை பணக்காரன்னு பாத்ததே இல்லை. வந்தவங்க எல்லாரையும் எங்க வீட்டு விருந்தாளி மாதிரி உக்கார வச்சோம்"னாரு. புள்ளைக கை தட்டுச்சு. சம்மந்தியும் தட்டுனாக. மத்தவுக நிப்பாட்டின பொறவும் தட்டிக்கிட்டே இருந்தாக.

"இப்ப கேளுட்டி"ன்னா சந்தனம்.

"இரு. மொதல்ல நல்லா சாஞ்சு உக்காரட்டும்."

லைட்டை அணைச்சாக.

நானும் ரொம்ப வருசமாச்சு பெரிய திரையில படம் பாத்து. வீட்டுல போன்லதான் பாக்குறது. இங்கன மொதல்ல ஒண்ணுமே இல்ல, கடல் மட்டும். தெரை முழுக்கக் கடல். நம்ம கடல் மாதிரி அமைதியான கடல் இல்ல, நெஞ்சுல வந்து மோதுற கடல். அந்தப் பொம்பளைக தண்ணி மொண்டு வந்து மணல்ல தெளிச்சு, காய வச்சு, அந்த மணலை அள்ளிக் கரைச்சு, பானையில காச்சுறாக. ஒரு கெழவி. அவ மூஞ்சி மட்டும் தெரை அகலத்துக்கு. ஒவ்வொரு சுருக்கமும் வாய்க்கால் மாதிரி தெரியுது.

கீழ இங்கிலீசுல எழுத்து ஓடுச்சு. காலிதா புள்ள ஓரமா மைக்கைப் பிடிச்சு நின்னு தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்துச்சு. "இவர் மலைக்கோட்டையோட பிரபு. உப்பை வரியாக் கேக்குறார்..."

"அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது தாயி, நீ சும்மா நில்லு"ன்னா சந்தனம்.

கொம்புத் தொப்பிக்காரன் குதிரைப் படையோட வர்றான். காச்சி வச்ச உப்புக் குமியல் மேல குதிரைய விடுறான். கெழவி புருசன் எதுத்துக் கேட்டான், ஒரே வெட்டு. கெழவி அழல. மறுநாள்ல இருந்து ஒரு புடி உப்பு மலைக்குப் போகல. அந்தக் கரையில உள்ள பொம்பளைக அம்புட்டு பேரும் கம்பைக் கீழ போட்டுட்டாளுக. மலையில சோத்துக்கு உப்பு இல்ல. சிப்பாய்க மயங்கி விழுறானுக. குதிரை சொவத்த நக்குது.

நம்ம பொம்பளைகளுக்கு அதுக்கு மேல காலிதா தேவைப்படல.

"அப்படித்தாண்டி! குடுக்காத!"

"அவன் ஆளு மாறுவேசத்துல வாரான் பாரு, ஏமாந்துராத!"

"தீந்து போச்சுன்னு சொல்லுடி!"

காலேஜ் புள்ளைக மொதல்ல உஸ் உஸ்ஸுன்னுச்சுக. பொறவு அதுகளும் சேந்து கத்துச்சுக. செல்லச்சாமி மட்டும் நெளிஞ்சுக்கிட்டே இருந்தாரு. துண்டால மூக்கப் பொத்துறதும் எடுக்குறதுமா.

மலைக்காரன் படை தெரட்டிக் கடலுக்கு எறங்குறான்னு காட்டி எடவேளை விட்டாக.

லைட்டு எரிஞ்சது. சம்மந்தி எந்திரிச்சு முன்னால போயி, அவருக்கு நேரா நின்னாக.

"என்னையத் தெரியுதா?"

செல்லச்சாமி அண்ணாந்து பாத்தாரு. "யாரும்மா நீங்க?"

"நல்லாப் பாருங்க. வயித்துப் புள்ளையோட இங்கன உக்காந்திருந்தேன். டார்ச் லைட்டை அடிச்சு, கருவாடு எந்திரின்னீக. படத்த நிப்பாட்டி ஊரைச் சிரிக்க வச்சீக. சீட்டுல ஃபினாயில ஊத்துனீக."

அவரு யோசிச்சாரு. நெசமாவே யோசிச்சாரு, அத நான் பாத்தேன். பொறவு கைய விரிச்சாரு. "எத்தனையோ பேரு வருவாக போவாக. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையேம்மா."

சம்மந்திக்கு மொகம் செத்துப் போச்சு. திட்டியிருந்தா தாங்கியிருப்பாக. இல்லவே இல்லைன்னு சாதிச்சிருந்தா அதுக்கும் பதில் வச்சிருந்தாக. அவுக இம்புட்டு வருசமா தெனம் நெனச்ச ஒண்ணு அந்த ஆளு மண்டையில ஒரு தூசியாக் கூட இல்ல. திரும்பி என்னையப் பாத்தாக. "அண்ணே, இவருக்கு ஞாபகமே இல்லண்ணே"ன்னாக. அந்தக் குரலை நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல. புருசன் செத்தப்பக் கூட அவுக அப்படி ஒடைஞ்சு பேசல.

செல்லச்சாமி எடம் கெடச்சதும் ஏறிக்கிட்டாரு. "ஒருவேளை அப்படி நடந்திருந்தா மன்னிச்சிரும்மா. போயி உக்காரு."

சம்மந்தி கண்ணத் தொடச்சாக. "ஞாபகமே இல்லாததுக்கு என்னத்துக்கு மன்னிப்பு?"

பின்னால இருந்து சந்தனம் சத்தம் போட்டா. "விடுடி. அவருக்கு ஞாபகம் இல்லாட்டி என்ன, நமக்கு இருக்குல்ல. இன்னும் நூறு வருசம் ஆனாலும் அது கூடை எறக்காத வீடுதான்!"

அதுவரைக்கும் போனைப் பாத்துக்கிட்டு இருந்த மாலதியம்மா வெடுக்குன்னு திரும்புனாக.

"என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு."

"ஒங்க வீட்டைத்தான் தாயி சொன்னேன். ஒங்க வாசல்ல எவளும் கூடை எறக்காததுக்கு இவரு அன்னைக்குப் பண்ணின காரியந்தான் காரணம்."

மாலதியம்மா மெதுவா எந்திரிச்சாக. ஒசரமான பொம்பளை. காதுல வைரத்தோடு.

"நான் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த புதுசு. தெருவுல எல்லா வீட்டுலயும் உக்காந்து கதை பேசுவீக. என் வாசல் வந்தா மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போவீக. கூப்புட்டா காது கேக்காது. மார்க்கெட்டுக்கு வந்தா, கண்ணு முன்னாடி இருக்கும், தீந்து போச்சும்பீக. அக்கம்பக்கத்துல என்னையப் பாத்துச் சிரிப்பாளுக. என் மாமியா, ‘நீ காலடி எடுத்து வச்ச நேரம் மீன்காரி கூட வரல'ன்னு சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லிக் குத்துனா. எவளோ செய்வினை வச்சுட்டான்னு ஏர்வாடி தர்காவுக்குப் போயி எண்ணெய் வாங்கிட்டு வந்து வாசல்ல தெளிச்சேன்." புருசன் பக்கம் திரும்புனாக. "கடைசில பாத்தா செய்வினை கட்டில்லயே படுத்திருக்கு."

"மாலதி, உக்காரு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். எந்திரிங்க."

"என்னது?"

"இந்தம்மா எந்திரிச்சாங்கல்ல, வயித்துப் புள்ளையோட? நீங்களும் எந்திரிங்க."

"ஞாபகமே இல்லைங்கிறேன்..."

"ஒங்களப் பத்தி எனக்குத் தெரியாதா? நீங்க செஞ்சிருப்பீங்க. எந்திரிங்க!"

யாரோ ஒருத்தர் தும்முனாரு. செல்லச்சாமி ரெண்டு பக்கமும் பாத்தாரு. ஒரு வாத்தியாரு தரையப் பாக்குறாரு. புள்ளைக அம்புட்டும் அவரையே பாக்குது. பொன்னாடை மடியில இருந்து நழுவிக் கீழ விழுந்துச்சு. எந்திரிச்சாரு.

சம்மந்தி அவரத் தலையில இருந்து காலு வரைக்கும் பாத்தாக.

காலிதா புள்ளைக்கு அழுகை வந்துரும் போல இருக்கு. "சார், ப்ளீஸ், படம் ஆரம்பிக்கப் போகுது, உக்காருங்க சார்."

"நீ படத்தைப் போடும்மா"ன்னாக மாலதியம்மா. "அவரு நின்னு பாப்பாரு. படம் முடியிற வரைக்கும்."

சம்மந்தியக் கையப் பிடிச்சு, அவரு உக்காந்திருந்த சீட்டுலயே உக்கார வச்சாக. செல்லச்சாமி ஓரச் சொவத்துல போயி சாஞ்சுக்கிட்டாரு.

மறுபாதி இருக்கே, அதச் சொல்ல எனக்கு வாய் பத்தாது. மழை. மழைன்னா நம்ம புயல் நேரத்து மழை. சேத்துல குதிரைக சறுக்கி விழுகுது, கொடியெல்லாம் நனைஞ்சு தொங்குது, அம்பு போற சத்தம் காதுக்குப் பக்கத்துல கேக்குது. அவன் கைக்கு உப்பு போயிரக் கூடாதுன்னு பொம்பளைக தாங்க காச்சுன உப்பைத் தாங்களே கடல்ல கொட்டுறாக. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. "பாருங்க சம்மந்தி, பாருங்க"ன்னு திரும்புறேன்.

அவுக தெரையப் பாக்கவே இல்ல. தலைய ஒரு பக்கமா சாச்சு வச்சுக்கிட்டு ஓரச் சொவத்தப் பாத்துக்கிட்டு இருக்காக. தெரையில மின்னல் அடிக்கிறப்பெல்லாம் அந்த வெளிச்சத்துல செல்லச்சாமி தெரியுறாரு. ஒரு கால மாத்தி ஒரு கால்ல நிக்கிறாரு. நைஸா படியில உக்காரப் போனாரு. சம்மந்தி "க்கும்"னு ஒரு கனைப்பு. நிமுந்துட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சுக் கைப்பிடிக் கம்பியில பின்பக்கத்த முட்டுக் குடுத்தாரு. மறுபடியும் "க்கும்". சந்தனம் சேலையை வாயில வச்சு அடைச்சுக்கிட்டா, சிரிப்பு வெளிய வந்துரும்னு.

படம் முடிஞ்சு புள்ளைக எந்திரிச்சுக் கை தட்டுச்சுக. செல்லச்சாமி நொண்டிக்கிட்டே படியெறங்கிக் கார்ல போயி ஏறிட்டாரு. மாலதியம்மா மட்டும் வாசல்ல நின்னு சம்மந்தியக் கூப்புட்டாக.

"இனிமே வருவீகளா?"

சம்மந்தி கூடையத் தலையில ஏத்திக்கிட்டாக. பொறவு சொன்னாக. "ஒங்களுக்கு வாரேன் தாயி. நீங்களும் என்னைய மாதிரிதான், ஒரு பாவமும் பண்ணல. மணல் இல்லாத வாளை கொண்டாறேன். ஆனா அவருக்கு ஒரு துண்டு குடுத்தீகன்னு தெரிஞ்சுச்சு, அன்னைக்கோட சரி."

மாலதியம்மா காருக்குள்ள உக்காந்திருந்தவரை ஒரு பார்வை பாத்தாக. "குடுக்க மாட்டேன். நாத்தம்னு சொன்னவருதான? கொழம்பு கொதிக்கிறப்ப கூடத்துல உக்காந்து மோந்துக்கட்டும்."

பஸ்ஸுல ஊருக்குத் திரும்புனோம். மண்டபம் தாண்டுனதும் சம்மந்தி கேட்டாக.

"அண்ணே, கடைசில என்னண்ணே ஆச்சு? அந்தக் கெழவி உப்புக் குடுத்தாளா இல்லையா?"

"நீங்களும்தான இருந்தீக?"

"நான் எங்க பாத்தேன்? எனக்கு வேற வேலை இருந்துச்சுல்ல."

சொன்னேன். மலைக்காரன் படையெல்லாம் செத்து, தன்னந்தனியா நடந்தே கடக்கரைக்கு வாரான். கொம்புத் தொப்பி இல்ல, செருப்பு இல்ல. கெழவி முன்னாடி முட்டி போடுறான். அவ வெட்டவும் இல்ல, உப்புக் குடுக்கவும் இல்ல. கம்பையும் ரெண்டு வாளியையும் எடுத்து அவன் தோள்ல வைக்கிறா. அவன் போயி கடல்ல தண்ணி மொண்டு வாரான். மறுபடி போறான். மறுபடி வாரான். அப்படியே படம் முடியுது.

சம்மந்தி யோசிச்சாக. பாம்பன் பாலத்துல காத்து மொகத்துல அடிக்குது. கீழ வள்ளம் ஒண்ணு பாயை விரிச்சுப் போயிக்கிட்டு இருந்துச்சு.

"நல்ல யோசனைதான்"னாக. "ஆனா அவன் ஒழுங்காத் தூக்குறானா, பாதியில வாளியக் கவுத்துட்டு வாரானான்னு தெனம் யாரு பாக்குறது? கெழவிக்கு அதுதான் பெரிய வேலை."

அந்த வேலையத்தான் இப்ப சம்மந்தி பாக்குறாக. வாரம் தவறாம மாலதியம்மா வீட்டுக்குப் போறாக. கூடைய எறக்கி வச்சுட்டு ஒடனே எந்திரிச்சு வர்றதில்ல. அடுப்படி வாசப்படியில உக்காந்து, கொழம்பு கொதிச்சு, மாலதியம்மா சோத்துல ஊத்திச் சாப்புட்டு, கைகழுவுற வரைக்கும் பாத்துட்டுத்தான் வாராக. போன வாரம் செல்லச்சாமி ரசஞ்சோத்தப் பெசைஞ்சுக்கிட்டு, "சட்டியில கொஞ்சம் ஒட்டியிருக்கும்ல"ன்னு கேட்டாராம். சட்டிய வாங்கி சம்மந்தியே தண்ணி ஊத்தி வச்சுட்டு வந்தாகளாம்.

வீட்டுக்கு வந்து பேத்தியக் கால்ல போட்டு எண்ணெய் தேச்சுக்கிட்டே இதையெல்லாம் ஒண்ணு விடாம அவகிட்டச் சொல்லுறாக.

"பச்சப் புள்ளைகிட்டப் போயி எதச் சொல்லுறதுன்னு இல்லையா சம்மந்தி?"ன்னேன்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. அவளுக்குப் புடிச்சிருக்கு."

என்னத்தச் சொல்ல. புடிச்சுத்தான் இருக்கு. சட்டியில தண்ணி ஊத்துன எடம் வந்ததும், பொக்கை வாயத் தெறந்து சிரிச்சுப்புட்டா என் ராசாத்தி.